மூடி தளர்ந்த பாட்டில்

மூன்றாவது பாட்டிலைக் கேட்டதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ரெண்டு நாள்ல மூணு பாட்டில் பிரேக் ஆயில். எத்தனை பைக்குக்கு, மெக்கானிக்?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணா? அது பைக்கா ஒட்டகமா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"டாட் மூணு ரகம் இருக்கு. விலை கம்மி. எடுத்துக்கிறியா?"

"வண்டியில பிரேக் ஆயில் டப்பா மூடியில நாலுன்னு போட்டிருக்கு. நாலே குடுங்க. சீல் உடையாததா பார்த்துக் குடுங்க."

"விவரமான ஆளுப்பா நீ."

அந்த வார்த்தை நெஞ்சுக்குள் எங்கோ போய்த் தைத்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டு நடந்தான்.

ஒர்க்‌ஷாப்பின் பின்சுவர் ஓரம் தம்பியின் பைக் நின்றது. போன வருடம் மலைப்பாதை இறக்கத்தில், ஏழாவது வளைவில், தம்பி இந்த வண்டியோடுதான் பள்ளத்துக்குள் போனான். தம்பி உயிரோடு வரவில்லை. வண்டி மட்டும் கயிறு கட்டி மேலே ஏற்றப்பட்டது.

ஒரு வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை இப்போது தம்பி மனைவி கேட்கிறாள். ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. நாளையிலிருந்து மலையடிவாரக் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். வேறு வண்டி பார்த்துத் தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "அவரோட வண்டிதான் வேணும் மாமா" என்று முடித்துவிட்டாள். நான்கு மணிக்கு வருகிறாள்.

ஃபோர்க் மாற்றியாகிவிட்டது. இன்ஜின் ஒரே உதையில் பிடித்தது. முன் பிரேக்தான் அடங்கவில்லை.

பழைய ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினான். சக்கரத்தைப் பிடிக்கும் காலிப்பரில், ஆயில் வெளியேறும் நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் கறுப்பாக வந்தது. சரி, மிச்சம் மீதி என்று பாட்டில் முழுவதையும் ஓடவிட்டான். கடைசிச் சொட்டும் கறுப்பு. நேற்று மாலை ஹோஸ் புதிது, பிஸ்டன் சீல் புதிது, இரண்டாவது பாட்டில். அதுவும் கறுப்பு. அந்த பிரேக்குக்குள் ஒரு சின்ன டம்ளர் ஆயில்கூடக் கொள்ளாது. ஊற்றுவது தேன் நிறம், வருவது கறுப்பு. லீவரைப் பிடித்தால் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கியது.

மணி இரண்டு. ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. வெளியே வெயில் பல்லைக் காட்டியது.

பிரேக்கில் ஏர் எடுப்பது, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது, இரண்டு பேர் வேலை. ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் கீழே உட்கார்ந்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பதினோரு வருடம் மேலே தம்பி, கீழே இவன். இந்த ஒரு வருடமாக லீவரை ரப்பர் துண்டால் கட்டிவிட்டுத் தனியாகவே செய்கிறான்.

மூன்றாவது பாட்டிலை ஊற்றினான். சக்கரத்தின் பக்கத்தில் குந்தி நிப்பிளில் ஸ்பேனரை வைத்தான். அவசரத்தில் ரப்பர் கட்ட மறந்துபோனான். வாய் பழக்கத்துக்குச் சொன்னது.

"அழுத்து."

தலைக்கு மேலே லீவர் மெல்ல முனகியது.

நிப்பிளைத் திறந்தான். கறுப்பு ஆயில் குழாயில் சீறிக்கொண்டு வந்தது. மூடினான். அதற்குப் பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தான்.

லீவர் கைப்பிடியோடு ஒட்டியிருந்தது. பிடித்திருக்க அங்கே ஆள் இல்லை.

"விடு" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை.

லீவர் நிதானமாக, கைதேர்ந்த ஆள் விடுவதுபோல, பழைய இடத்துக்குத் திரும்பியது.

தம்பி மனைவி வந்தபோது அவன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது.

"என்ன மாமா, வண்டி ரெடியா? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?" நேராகப் போய் லீவரைப் பிடித்துப் பார்த்தாள். "இது அடிவரைக்கும் இறங்குதே."

"அந்த வண்டி உனக்கு வேண்டாம்மா."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"அவன் வேகமா ஓட்டிச் சாகலை." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் ஊத்துன ஆயில்தான்."

அவள் கை லீவரிலேயே நின்றது.

"கிளம்புற அவசரத்துல வந்தான். ஆயில் மாத்தணும்னான். புதுசு வாங்கக் கடைக்குப் போக சோம்பேறித்தனம். அலமாரியில திறந்த பாட்டில் ஒண்ணு இருந்துச்சு. மூடி சரியா மூடலை, மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்திருக்கு. இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும்மா. தெரிஞ்சேதான் ஊத்தினேன். ஒரு தடவைதானேன்னு." ஸ்பேனரைத் தரையில் வைத்தான். "நீளமான இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா சூடாகும். உள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். அப்புறம் லீவர் வெறுமனே உள்ள போகும், வண்டி நிக்காது."

"பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு ஆக்சிடென்டை விசாரிக்க வந்தவர் சொன்னாரே."

"மறுநாள் வந்து அழுத்திப் பார்த்தாரு. ஆறிட்டா பழையபடி கல்லாயிடும். தம்பி வேகமா வந்திருக்கான்னு எழுதினாரு. நான் தலையாட்டினேன்."

பகலில் நடந்ததையும் சொன்னான். கறுப்பு ஆயில், தானாக அழுந்திய லீவர், ஒன்று விடாமல். அடிப்பாள், அழுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று காத்திருந்தான்.

அவள் கண் சிவந்துகொண்டே வந்தது. அப்புறம் கேட்டாள்.

"அந்தப் பாட்டில் முழுசும் அவருக்கே ஊத்துனீங்களா?"

"பாதி."

"மீதி?"

ஒரு வருடமாகத் தம்பி முகத்தை மட்டுமே நினைத்துச் செத்துக்கொண்டிருந்தவனுக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை.

"எங்க லேப்ல டெஸ்டுக்கு ஊத்துற ஒரு பாட்டில் கெட்டுப்போச்சுன்னா, திட்டுறதெல்லாம் பிறகு. யார் யாருக்குப் போச்சுன்னுதான் முதல்ல தேடுவோம்." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "உங்களைப் பயமுறுத்தவா வந்திருக்காரு? குளிக்க வெந்நீர் கொதிக்கிற வரைக்கும் பொறுக்காத மனுஷன், பழிவாங்க ஒரு வருஷம் காத்திருப்பாரா? மீதி யாருக்குப் போச்சு மாமா?"

"ஃபோட்டோ ஸ்டூடியோக்காரருக்கு. அதே வாரம், சாவுச் செய்தி வர்றதுக்கு முன்னாடியே."

"ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

நான்காவது மணியில் எடுத்தார் ஸ்டூடியோக்காரர். "யாரு, மெக்கானிக்கா? என்னப்பா, ஆளையே காணோமேன்னு பார்க்கிறியா? நான்தான் வண்டியைத் தொடறதில்லையே."

"ஏன் சார்?"

"உனக்குத் தெரியாதா? போன வருஷம், உன்கிட்ட ஆயில் மாத்தின ஒரு மாசத்துல இருக்கும். மலையிலிருந்து இறங்கறப்ப விழுந்துட்டோம். நான் தப்பிச்சேன். பின்னாடி இருந்த என் பொண்ணுக்குக் கால் போச்சு. பிரேக்கைப் பிடிச்சேன்பா, சத்தியமா பிடிச்சேன். பிடிக்கவே இல்லை. அப்புறம் பார்த்தா கல்லு மாதிரி இருக்கு. யாரு நம்புவா? கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டு பிரேக் மேல பழி போடறேன்னு என் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் முகம் குடுத்துப் பேசறதில்லை." சின்னதாகச் சிரித்தார். "இப்பெல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. பிடிச்சேனா இல்லையான்னு. அதை விடு, எதுக்குக் கூப்பிட்ட?"

மெக்கானிக் தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைக்கவில்லை, பார்வையையும் எடுக்கவில்லை.

"வீட்டுல அக்கா இருக்காங்களா சார்?"

"சமையல்கட்டுல இருக்கா. ஏன்?"

"ஃபோனை அவங்ககிட்ட குடுங்க."