ஃபிரிட்ஜைப் பூட்டுகிற அண்ணி

"எழுதுவியா நீ? என்னைப் பத்திப் பலகையில எழுதுவியா?"

"அண்ணி, முதல்ல கையில இருக்குற பூட்டைக் கீழ வைங்க..."

"ஃபிரிட்ஜைப் பூட்டுற பொம்பளையாம்! தெருவே சொல்லிச் சிரிக்குது!"

"அது உதாரணம் அண்ணி! பாடத்துக்கு ஒரு உதாரணம்!"

"உதாரணத்துக்கு உனக்கு உலகத்துல வேற பொம்பளையே கிடைக்கலையா? கதவு ரப்பர் போயி தானா திறந்துக்குதேன்னு பூட்டுறேன். அதை எழுதினியா?"

டீச்சர் பலகையை மறைத்து நின்றாள். முன்னறையில் அவள் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பின் பெஞ்சுகளில் தையல்காரி, மருந்துக்கடைக்காரர், ஆஸ்பத்திரி வேலைக்கு இன்டர்வியூ போகவிருந்த பெண்கள் எல்லாரும் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

வினை தையல்காரியால் வந்தது. திரைச்சீலை தைக்கக் கொடுக்கப் போன அண்ணியிடம், படித்ததைப் பழகிப் பார்க்கிற ஆசையில், "தி உமன் ஹூ லாக்ஸ் தி ஃபிரிட்ஜ் இஸ் மை சிஸ்டர் இன் லா" என்று கணீரென ஒப்பித்திருக்கிறாள். அர்த்தம் கேட்டதற்கு, 'ஃபிரிட்ஜைப் பூட்டுற பொம்பளை என் அண்ணி'ன்னு அதையும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தாள். கடையே சிரித்ததாம். துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய அண்ணி, வழியில் வாங்கி வந்ததுதான் இந்தப் பூட்டு.

டீச்சரின் வழக்கம் அப்படி. புத்தகத்து உதாரணம் எவர் மனசிலும் ஒட்டாது என்பாள். வீட்டில் கண்ணில் பட்டதையே எழுதுவாள். "நம்ம பேச்சுல கதையை முன்னாடி சொல்லிட்டு ஆளைக் கொண்டுவர்றோம், 'சோஃபாவுல தூங்குற அண்ணன்'னு. இங்கிலீஷ்ல ஆளை முதல்ல நிறுத்து. அப்புறம் 'ஹூ' போட்டுக் கதையைச் சொல்லு. பொருளா இருந்தா 'விச்'. ஆனா அதோட விட்டுட்டா வாக்கியம் அந்தரத்துல தொங்கும். முடிக்கணும்." இப்படியே வீடு முழுக்கப் பலகையில் ஏறிவிட்டது.

"அந்தக் கப்பு?" அண்ணி விடவில்லை. "'தி கப் விச் ஹேஸ் நோ ஹேண்டில் இஸ் மைன்.' அதுக்கும் அர்த்தம் கேட்டுட்டுத்தான் வந்தேன். கப்போட காதை உடைச்சவ யாரு?"

"உடைஞ்சதை எனக்குன்னு ஒதுக்கி வச்சவ யாரு?"

"உடைச்சவளுக்குத்தானே ஒதுக்குவாங்க!"

மருந்துக்கடைக்காரர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணே! நீயாவது சொல்லேன்!" டீச்சர் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னை ஏன் இழுக்குறீங்க? நான்தான் ஏற்கெனவே பலகையில இருக்கேனே" என்று சோஃபாவிலிருந்து பதில் வந்தது.

"கேட்டுக்கோ டீச்சரம்மா. இன்னியோட உன் வகுப்புக்கு முழுக்கு. பெஞ்சை எல்லாம் வெளிய எடு, ரூமைப் பூட்டப் போறேன்."

"இந்தப் பொண்ணுங்களுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ, அண்ணி. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் மூடிட்டாங்க. இந்த ரூமை விட்டா எனக்கு என்ன இருக்கு?" தன் குரல் கெஞ்சியது டீச்சருக்கே பிடிக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். "ஒரு ரூமைக் குடுத்துட்டு உலகத்தையே எழுதி வச்ச மாதிரி பேசாதீங்க" என்று சேர்த்துவிட்டாள்.

அண்ணியின் சத்தம் அடங்கிவிட்டது. வீட்டு நடையைக் கை காட்டினாள். அங்கே அவளுடைய பீரோ நின்றது. வகுப்புக்கு வருகிற யாரும் அதை ஒட்டி ஒருக்களித்துத்தான் உள்ளே வர வேண்டும். டீச்சரும் தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டுவாள், நிமிர்ந்து பார்க்காமல்.

"அது ஏன் அங்க நிக்குது? இது என் ரூம். ஒத்தைப் பெட்டியோட நீ வந்து நின்ன அன்னிக்கு உன் அண்ணன் தூங்கிட்டுத்தான் இருந்தார். நான் தள்ளினேன் அதை, ஒத்தை ஆளா. இடுப்பு புடிச்சுக்கிட்டு ஒரு வாரம் கிடந்தேன். அது உன் கண்ணுல படலையா?"

யாரும் இருமவில்லை.

அண்ணி முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தையல்காரி நகர்ந்து இடம் விட்டாள். பூட்டு அண்ணியின் மடியில் இருந்தது.

"எழுது. இந்த ரூமைக் குடுத்த அண்ணின்னு எழுது. நீ முழுசா முடிச்சிட்டன்னா பூட்டோட நான் எழுந்து போயிடுறேன்."

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினாள். 'தி உமன் ஹூ கேவ் மீ திஸ் ரூம்' வரை சாக்பீஸ் தடதடவென்று ஓடியது. அங்கே நின்றுவிட்டது. மனசில் அடுத்து வந்த வார்த்தை ஒவ்வொன்றும் முள்ளோடு வந்தது. முள் இல்லாத வார்த்தைக்குக் கை நகரவில்லை.

"டீச்சர்," தையல்காரி மெல்லக் கூப்பிட்டாள், "அந்தரத்துல தொங்குதே."

அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. பலகையில் மிச்சமிருந்த வெற்றிடம் தெரிந்தது.

"பூட்டுறவளைப் பத்தி மளமளன்னு முடிச்ச கைதானே அது? குடுத்தவளைப் பத்தின்னா மட்டும் கை வரலையா, இல்ல, மனசே வரலையா?"