சாம்பல் நிறப் பெட்டி

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டில் காபிக்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும்.

"பெட்டி எப்படிம்மா கீது?"

"சாம்பலாத்தான் இருக்கு, நைனா."

"ஹவ், சரிம்மா. அப்போ அவ இருக்கா." பக்தவத்சலம் அதற்குப் பிறகுதான் டம்ளரைத் தொடுவார்.

பெட்டி இருந்தது மகள் ராஜியின் லேப்டாப்பில். வம்சாவளி தேடும் இணையதளம் ஒன்றில், மலேசியாவில் யாரோ ஒருவர் தன் குடும்ப மரத்தைப் போட்டு வைத்திருந்தார். அதன் உச்சியில் முனிரத்தினம், சின்னப்பொண்ணு. பக்தவத்சலத்தின் பெற்றோர்! பேராக் ரப்பர் தோட்டத்திலிருந்து முனிரத்தினம் ஏழு வயது மகனோடு முதலில் ஊருக்குக் கப்பலேறினார். மனைவியும் கைக்குழந்தை நாகம்மாவும் அடுத்த கப்பலில் வருவதாகப் பேச்சு. வரவில்லை. மகன் லாலாகுடா ரயில்வே பட்டறையில் சேர்ந்து, ரிடையராகி, எண்பதையும் தாண்டிவிட்டார்.

அந்தத் தம்பதிக்குக் கீழே இரண்டு பெட்டிகள், பெயரில்லாமல், சாம்பல் நிறத்தில். விளக்கிச் சொல்வதென்றால் ராஜிக்குச் சாப்பாடு வேண்டாம்.

"செத்தவங்க பேரை எல்லாருக்கும் காட்டுவாங்க, நைனா. உயிரோட இருக்கறவங்க பேரை மட்டும் மறைச்சிடுவாங்க. ஒரு பாதுகாப்புக்குத்தான். இந்த ஆம்பளப் பெட்டி நீ. பக்கத்துல அத்தை."

மரத்தைப் போட்டவருக்கு அவள் செய்தி அனுப்பினாள். பதில் வருமுன்பே கிழவர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "ஈ வயசுலோ எக்கடிகி, தாத்தா?" என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். இந்த வயதில் எங்கே பயணமாம்.

"மா செல்லெலு தக்கரிகி." தங்கையிடம் போகிறாராம். சொல்லும்போது முதுகு நிமிர்ந்திருந்தது.

பாஸ்போர்ட் வந்த வாரமே பெட்டி திறந்துகொண்டது. நாகம்மா, 1949–2011.

கூடவே இரண்டு வரிப் பதில். மன்னிக்கவும், அம்மாவின் தேதியைப் போட விட்டுப்போயிருந்தது, இப்போது சரிசெய்துவிட்டேன்.

ராஜிக்கு அப்போதுதான் மீதிப்பாதி புரிந்தது. யார் உயிரோடிருக்கிறார்கள் என்று இணையதளத்துக்கு எப்படித் தெரியும்? இறந்த தேதியை யாரும் போடாதவரை, நூறு வயதுக்குட்பட்ட எவரும் அதன் கணக்கில் உயிரோடிருப்பவர்தான்.

"பெட்டி எப்படிம்மா கீது?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு வருஷத்தை.

"சாம்பல்னா உயிருன்னு சொன்னியே."

"தேதி போடலன்னாலும் சாம்பல்தான், நைனா. நான்தான் சரியா பாக்காம... அது எப்படி வேலை செய்யுதுன்னா—"

"நக்கோம்மா. விளக்காத."

பிறகு பக்கத்துப் பெட்டியில் விரலை வைத்தார்.

"இது நான்தானே?"

"ஆமா. சாம்பலாத்தான் இருக்கு."

"அப்போ எனக்கும் தேதி தெரியாமத்தான் வுட்டு வச்சிருக்கான். அவ்ளோதானே?"

ஆமாம் என்பதுதான் சரியான விளக்கம். ராஜி சொல்லவில்லை.