பூவேலை விரிப்பு

அம்மாவின் முழங்கால் நிமிர்வேனா என்றது. பேதியோடு வந்த இழுப்பில் மடங்கிய கால். மகள் இரண்டு கையாலும் அழுத்தி நேராக்கி, விரிப்பை இழுத்துக் கழுத்துவரை போர்த்தினாள்.

"உள்ள யாரு?"

வாசலில் சுகாதார அதிகாரி. மூக்கில் கைக்குட்டை. படி ஏறவில்லை.

"எப்பப் போனாங்க?"

"விடிகாலையில. நேத்து மத்தியானம் வரைக்கும் துணி துவைச்சவங்க."

"வீட்டைச் சுத்தமா வச்சுக்க மாட்டீங்க. அப்புறம் ஊருக்கே பரப்பி விடுவீங்க" என்றபடி நோட்டில் எழுதினார்.

"என்னங்க எழுதுறீங்க?"

"சாவுக்குக் காரணம். குடியிருப்பின் அசுத்தம்."

ஊரார் அழுக்கை முப்பது வருஷம் வெளுத்தவள் அம்மா. போன வாரம் பங்களாவில் சின்ன எஜமானுக்கு இதே பேதி. காலையும் மாலையும் டாக்டர், காய்ச்சி ஆறிய தண்ணீர், விசிற ஓர் ஆள், பிழைத்துக்கொண்டார். அவர் படுத்த விரிப்புகள் மூட்டையாக இங்கே வந்தன. என்ன நோய் என்று யாரும் மூச்சு விடவில்லை. அம்மா படுத்த பிறகுதான் பங்களாத் தோட்டக்காரர் வந்து சொன்னார்.

"பங்களாவுல வந்துச்சே, அதுக்கு என்ன காரணம் எழுதினீங்க?"

"அது வேற. வயித்துக் கோளாறு."

அதற்குள் பங்களா வேலைக்காரம்மா வந்து நின்றாள். சாவு வீடென்று தெரிந்தும் குரல் தணியவில்லை.

"விரிப்பெல்லாம் ஆச்சா? எஜமானியம்மா கேக்கச் சொன்னாங்க. ஓரத்துல பூவேலை செஞ்சது ஒண்ணு இருக்கும்."

"இருக்கு. உள்ள வந்து பாருங்க."

அவள் வரவில்லை, எட்டிப் பார்த்தாள். பிணத்தின் கழுத்தடியில் பூவேலை தெரிந்தது.

"அடிப்பாவி! அது எங்களுதுடி!"

"உங்களுதுதான். எங்கம்மாவுக்கு வந்த நோவும் உங்களுதுதான். அதை மட்டும் சொல்லாமக் கொடுத்தீங்கல்ல? வேணும்னா நீங்களே உருவிக்கிட்டுப் போங்க."

வேலைக்காரம்மா அதிகாரியைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். படி தாண்ட இருவருக்கும் கால் எழவில்லை.

பிணம் ஏற்றும் குதிரை வண்டி வந்தபோது வண்டிக்காரரும் மகளுமாகத்தான் விரிப்போடு தூக்கினார்கள். சந்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. முனை திரும்பும்போது வண்டி குலுங்கி, துணி வெளுக்கும் சோடாக்காரத்தில் வெந்து தோலுரிந்த அம்மாவின் கை ஒன்று வெளியே சரிந்தது.

மகள் நடந்துகொண்டே அதை எடுத்து உள்ளே வைத்தாள்.