வாளிச் சத்தம்

பட்டாளம் புறப்பட்டபோது கொடிக்கம்பத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனது. பதினான்கு நாய்களை மட்டும் விட்டுவிட்டது. மலேசியாவில் கெமாஸ் பக்கத்துச் சின்ன ஊரில் அறுபது வருடம் இருந்த முகாம் ஒரே வாரத்தில் பூட்டிய கேட்டாகிவிட்டது. பெரிய மனிதர்கள் வந்து சல்யூட் அடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நாய்களைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை.

நீலாவதிக்கு இருந்தது. முகாம் சமையற்கட்டில் இருபத்து மூன்று வருடம் அண்டா கழுவியவள் அவள். மிஞ்சிய சோற்றை வாளியில் அள்ளிக்கொண்டு, பின்பக்கக் கேட்டில் நின்று கரண்டியால் நாலு தட்டுத் தட்டுவாள். எந்தப் புதரில் கிடந்தாலும் பதினான்கும் ஓடி வரும். சிப்பாய்கள் சார்ஜன் என்று பெயர் வைத்த செவலைப் பெட்டை மட்டும் சண்டைக்குப் போகாமல் அவள் காலடியில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கும். புருஷன் செத்து, மகளும் சுங்கை காடுட் பட்டணத்துக்கு வேலைக்குப் போன பிறகு, நீலாவதிக்காகக் காத்திருந்த உயிர் அது ஒன்றுதான்.

கேட் பூட்டிய பிறகு தன் வீட்டுச் சோற்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தாள். பதினான்கு வயிற்றுக்கு அது எந்த மூலைக்கு? இரண்டாவது வாரம் நாய்கள் எஸ்டேட் ஆட்டுப்பட்டியில் புகுந்து ஐந்து ஆடுகளின் குடலை உருவிப் போட்டன. மூன்றாவது வாரம் பால் வெட்டப் போன திலகாவை ரப்பர் மரத்தடியில் மடக்கின. கெண்டைக்கால் சதையை எலும்பு தெரியக் கிழித்துவிட்டன. அவள் பால் கத்தியை வீசியிராவிட்டால் கழுத்துக்கே வந்திருக்கும்.

திலகாவின் புருஷன் வீரமுத்து எஸ்டேட் மண்டோர், ஆட்களை மேய்க்கும் கங்காணி. காட்டுப்பன்றி சுடும் சீனர் இருவரை அழைத்து வந்தார். அவர்கள் இரண்டு நாள் அலைந்தும் ஒரு வாலைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வீரமுத்து நீலாவதி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீ வாளி தட்டுனா வரும். வந்து தட்டு நீலா."

"என் கையால தின்னதுங்க மண்டோரே. நானே கூப்பிட்டுக் காட்டிக் குடுக்கவா?"

"என் பொண்டாட்டி காலு எடுக்கணுமான்னு ஆஸ்பித்திரில பாத்துக்கிட்டு இருக்காங்க. இன்னும் யாரு காலு போகணும், சொல்லு."

நீலாவதி உள்ளே போய் வாளியை எடுத்து வந்து வாசலில் வைத்தாள்.

"சார்ஜன மட்டும் விட்டுருங்க. அது யாரையும் கடிச்சதில்ல."

"சரி, வீட்டுல கட்டிப் போடு. நாய் லைசன் எடுத்துரு. மனுசன கடிச்சிச்சின்னா நானே சுடச் சொல்லுவேன்லா, அப்புறம் அழக்கூடாது."

அன்று மத்தியானம் நீலாவதி வாளியில்லாமல் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். விலா எலும்பு தெரிய சார்ஜன் மட்டும் வந்தது. நைலான் கயிற்றால் அடுப்படித் தூணில் கட்டி, பக்கத்தில் சோறு வைத்தாள். மறுநாள் காலையில் கதவை வெறுமனே சாத்திவிட்டு வாளியோடு கேட்டுக்குப் போனாள்.

நாலு தட்டுத் தட்டினாள். புதர்கள் அசைந்தன. வாலை ஆட்டிக்கொண்டே வந்தன, பாவிகள். முதல் குண்டு கறுப்பு நாயின் தாடையைப் பெயர்த்துக்கொண்டு போனது. அடுத்தது ஒரு குட்டியின் வயிற்றைப் பிளந்தது. மிச்சமெல்லாம் ஊளையிட்டுச் சிதறின.

"தட்டு" என்றார் வீரமுத்து.

தட்டினாள். திரும்பி வந்தன. செத்ததைத் தாண்டி, ரத்தத்தில் வழுக்கி, சோற்றுக்கென்று மறுபடி வந்தன. சுடச் சுட அவளும் தட்டிக்கொண்டே இருந்தாள். பின்னங்கால் போன ஒன்று மண்ணில் இழுத்துக்கொண்டு அவள் செருப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது. சீனரில் ஒருவர் அதன் காதில் வைத்துச் சுட்டார். அவள் சேலை முழுக்கத் தெறித்தது. பதின்மூன்று என்று எண்ணி முடித்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. கடித்து அறுத்த கயிறு கழுத்தில் தொங்க, சார்ஜன். கேட்டிலிருந்து வீடு கூப்பிடு தூரம். வாளிச் சத்தம் அங்கேயும் கேட்கும் என்பது அவள் மண்டையில் ஏறாமல் போயிற்று.

துப்பாக்கி திரும்பியது. நீலாவதி வாளியைப் போட்டுவிட்டு நாயின்மேல் பாய்ந்து விழுந்தாள். குண்டு மண்ணைக் கிளப்பியது. வெடிச்சத்தத்தில் வெறி பிடித்த சார்ஜன் அவள் முன்னங்கையைக் கவ்வி உலுக்கியது. பல் எலும்பில் உரசியது அவளுக்குத் தெரிந்தது. அவள் கத்தவில்லை, பிடியையும் விடவில்லை. நாய் தானாகவே வாயை எடுத்தது. அவள் எழுந்து, வாளியை இழுத்து, கையை அதற்குள் விட்டுக்கொண்டாள்.

கடித்ததா என்று சுட்ட சீனர் மலாய் மொழியில் கேட்டார்.

"இல்ல. கேட்டுக் கம்பி கிழிச்சிருச்சு."

வீரமுத்து கிட்டே வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கையில் நாலு பல் ஓட்டை, வரிசையாக. நாயின் வாயைப் பார்த்தார். சுற்றிக் கிடந்த பதின்மூன்றையும் பார்த்தார்.

"எந்தக் கம்பி?"

"துருப்பிடிச்ச கம்பி மண்டோரே."

அவர் முகம் கோபத்தில் துடித்தது. திலகாவின் கால் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு என்ன நினைத்தாரோ, துப்பாக்கிக் குழலைக் கையால் கீழே தள்ளினார்.

"இன்னிக்கே போயி ஊசி போட்டுக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வாளிக்குள் ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்து சத்தம் போட்டது. அதைக் கேட்டு சார்ஜன் வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தது.