சத்தம் வராத பெட்டி

விஜேந்திரன் அண்ணன் எங்கள் லுணுகலைத் தோட்டத்துக்காரர். தேயிலை ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்த்தவர். பதுளையில் ஒரு பழைய கராஜை வாடகைக்கு எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டி செய்ய ஆரம்பித்தார். முதலில் எறும்பும் பல்லியும் புகாத வலைபோட்ட பெட்டிகள்தான் செய்தார். அப்புத்தளைக் கடைகள்வரை அவை போயின. பிறகு கொழும்பில் பாட்டுப் பதிவு செய்யும் ஒருவர், மின்விசிறி இரைச்சல் இல்லாத பெட்டி ஒன்று கேட்டார். அதைச் செய்து கொடுத்ததற்குப் பின் அண்ணன் வேறு எதையும் செய்யவில்லை. விசிறியை எடுத்துவிட்டு, சூடு வெளியேறத் தடித்த அலுமினியத் தகடுகளை வைத்தார். உட்புறம் முழுவதும் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாங்கள் பசை தடவிக் கம்பளித் துணி ஒட்டினோம்.

பெட்டியைச் சோதிக்க ஓர் அறை கட்டினார். சுவரிலும் கதவிலும் கனத்த பஞ்சு. மழைக்குக் கதவு உப்பிச் சரியாக மூடாது என்பதால் வெளியில் தாழ்ப்பாள். சிவப்பு பல்ப் எரிந்தால் யாரும் திறக்கக் கூடாது. உள்ளே உட்கார்ந்து காது கொடுப்பவள் என் அக்கா நிரஞ்சலா. வளையல், கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, தாலிக்கொடியைத் துணியில் சுற்றிக்கொண்டு போவாள்.

"நல்ல எடம். புருஷன் ஏசுறதுகூட கேக்காது" என்பாள் கூட வேலை செய்யும் லரீபா.

"அது கேக்காது. என் நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது" என்பாள் அக்கா.

ஆவணியில் பெரிய பெட்டி ஒன்று செய்து முடித்தோம். அதை மத்தியானம் முழுக்கச் சூடேற்றிச் சோதிக்க வேண்டும். நான் வெளியில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கதவின் அடியில் இருந்து பசை கருகும் நாற்றம் வந்தது. சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் தாழ்ப்பாளை இழுத்தேன்.

அக்கா தரையில் கிடந்தாள். கதவின் உட்புறப் பஞ்சில் அவள் குத்திய இடமெல்லாம் குழிகள்.

தூக்கி வெளியில் கிடத்தித் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். அண்ணன் பக்கத்தில் குந்தினார்.

"பலமாத்தான் தட்டுனியாம்மா?"

"தட்டுனேண்ணே. கத்தியும் பாத்தேன்."

"ஒண்ணுமே வெளிய கேக்கல" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

அடுத்த நாளும் அக்காவைக் கூப்பிட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு காம்பரா அறையிலும் அவரிடம் வேலை செய்யும் ஒருத்தி இருக்கிறாள். அவர் கேட்டு யாரும் மறுப்பதில்லை. அக்கா வளையலைக் கழற்றினாள். பெட்டியும் அதுவேதான், பசையும் அதுவேதான்.

அவள் உள்ளே போனதும் நான் நடந்து போய்க் கதவு இடுக்கில் என் நான்கு விரல்களையும் வைத்தேன்.

"கைய எடு தங்கச்சி" என்றார் அண்ணன்.

நான் எடுக்கவில்லை.

"வாயே தொறக்காத புள்ள நீ. அடுத்ததா உன்னத்தான் உள்ள விடணும்னு இருந்தேன்" என்றார் அன்பாக.

பிறகு விரல்களைப் பார்த்தபடியே கதவில் முதுகைக் கொடுத்து, மெல்லச் சாய ஆரம்பித்தார்.