முப்பத்தைந்து கட்டங்கள்

ஆனிச் சாரல் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, குற்றாலத்தில் நமசிவாயத்தின் விடுதியில் பதினான்காம் அறை இல்லாமல் போனது. பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே வெறும் சுவர். அதில் ஒரு பல்லிகூட இருந்தது. அறைக்குள் சிவகிரியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் வல்லிநாயகம் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

காரணம் சுபாஷ். பதினெட்டு வருடமாக விடுதியின் முப்பத்தாறு அறைகளும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாகத்தான் இருந்தன. வரவேற்பு மேசையில் இருக்கும் மேலகரத்து உமாராணி மௌஸ் என்பதையே தொடாமல், விசைகளைத் தட்டியே அவற்றை நடத்திவந்தாள். அன்று காலை தென்காசியிலிருந்து வந்த சுபாஷ் புது மென்பொருளை ஏற்றினான். அறைக்கொரு வண்ணக் கட்டம். வரிசைக்கு ஏழாக ஐந்து வரிசை. முப்பத்தாறாவது கட்டம் அழகைக் கெடுத்ததால், கைக்கு வந்த பதினான்கை விட்டுவிட்டான். மௌஸ் பிடிக்க வராத உமாராணிக்கு மறுநாள் முதல் துண்டும் சோப்பும் கொடுக்கும் வேலை என்று முடிவாகியிருந்தது.

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த வல்லிநாயகத்தின் மனைவி இராமலட்சுமி, வரவேற்பு மேசைக்கு வந்து கேட்டாள்: “எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காருல்லா, கதவ எங்கன கொண்டு போயி வச்சிய?”

எல்லோரும் ஓடிப்போய்ச் சுவரில் காது வைத்தார்கள். “கத்தாதட்டி, இங்கன நல்லாத்தான் இருக்கு. போனு கூட அடிக்கல” என்றது வல்லிநாயகத்தின் குரல்.

“ஏலே, ஒன் படம் அழகா இருக்கணும்னு என் ரூமத் தின்னுட்டியேலே!” என்று நமசிவாயம் சுபாஷின் சட்டையைப் பிடித்தார். சுபாஷ் அவசரமாக ஒரு கட்டம் சேர்த்தான். அது திரையின் கீழ்விளிம்பில் வழுக்கித் தரையில் விழுந்து உடைந்தது. இன்னொன்று சேர்த்தான், அதுவும் விழுந்தது. நான்காவதுக்குப் பிறகு விளக்குமாறு கொண்டுவந்தார்கள்.

உமாராணிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைக் கால் மணி நேரம் அனுபவித்துவிட்டு, இராமலட்சுமி அழத் தொடங்கியதும் மனசு கேட்காமல் எழுந்தாள். மாடிப்படிக்கு அடியில் தள்ளிவைத்திருந்த பழைய கணினியை உயிர்ப்பித்து, பதினான்கு என்று அடித்து, எஃப் ஆறு விசையைத் தட்டினாள். சுவரில் கதவு வந்தது. ஒரு கன்னத்தில் நுரையோடு வெளியே வந்த வல்லிநாயகம், இன்னும் நாலு நாள் அதே அறை வேண்டுமென்றார்.

பழைய கணினியை அணைத்தால் மறுபடி சுவர்தான் என்பது மதியமே தெரிந்துபோனது. நமசிவாயம் தன் தோள்துண்டாலேயே உமாராணியின் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். நாலு சீசன் ஆகிவிட்டது. முப்பத்தைந்து அறைகளுக்குச் சுபாஷின் கட்டங்கள், பதினான்குக்கு உமாராணி. போலீஸ்காரர்களும் புதுமாப்பிள்ளைகளும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். மின்சாரம் போகும்போது மட்டும் அறை இருப்பதில்லை. அந்த நேரம் வெளியே நின்றுவிட்டவர்கள், இவ்வளவு பெரிய விடுதியில் ஒரு ஜெனரேட்டர் வைக்கக் கூடாதா என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு, டீ குடிக்கப் போகிறார்கள்.