அனந்தபுரம் வரை ஒரு டிக்கெட்

படுக்கை, அடுப்பு, கை கழுவத் தொட்டி எல்லாம் வைத்த வேன் ஒன்றைப் புதுச்சேரியில் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது எங்கள் மகள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை என்று அவளுக்கு வருத்தம். எனக்கோ வேறு கவலை. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட வேனில் நான் ஆயா. அதன் டிரைவர் வேலையை விட்டுப் போகிறார். "உனக்குத்தான் லைசென்ஸ் இருக்குதே செல்வி, நீயே ஓட்டேன்" என்று மேனேஜர் கேட்டார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சகாயராஜ் திண்டிவனம் – விழுப்புரம் தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருஷமாக டிரைவர். நான் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷமாகிறது. அவர் ஒருநாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்த்ததில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் "பாக்கலாம்" என்பார். அவர் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். வேறு எதற்கும் அவரிடம் நான் உத்தரவு கேட்டதில்லை. ஆனால் இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போக, வண்டி தெரிந்த மனுஷன் வாயால் ஒரு சரி வேண்டும் என்று இருந்தது. அதனால் கிளம்பும்போதே வாக்கு வாங்கிக்கொண்டேன். பனமலை வரை அவர் ஓட்டலாம், அங்கிருந்து திரும்பும்போது வண்டி என் கையில்.

முதல் நாள் சுகமாகத்தான் போனது. பனமலை ஏரிக்கரையில் வேனை நிறுத்தினோம். நான் அடுப்பில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வேக வைத்தேன். அவர் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, அலாரம் இல்லாமல், கண்டக்டர் விசில் இல்லாமல் அப்படியொரு தூக்கம் தூங்கினார். நான் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் ஆயிற்று, சும்மா உட்கார்ந்து!

மறுநாள் விடிந்ததும் மலை ஏறினோம். படியில் போகாமல் பாறை வழியாகவே ஏறலாம் என்றேன். பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "உக்காந்தே ஓட்டிக்கினு இருக்கிற உடம்புடி இது, மெதுவா போ" என்றார். கையைப் பிடித்து மேலே இழுத்தேன். உச்சியில், கோயில் சுவரோரம் நின்று கீழே வயல்களைப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

சிரிப்பெல்லாம் வேனுக்கு வரும்வரைதான். நேராகப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாங்க, நான் ஓட்டுறதாத்தானே பேச்சு?"

"ரோடு சின்னது செல்வி. எதிர்ல அறுப்பு மிஷின் வந்தா பேஜாராயிடும். மெயின் ரோடு வரட்டும், தர்றேன்."

மெயின் ரோடு வந்தால் லாரி வரும் என்பார். எனக்குத் தெரியாதா? முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். புளியமரத்தடியில் ஓர் அம்மா மூட்டையோடு கையை நீட்டினாள். இவர் கால் தானாகப் பிரேக்கை அழுத்திவிட்டது. பஸ் நிற்பது போல ஓரமாகக் கச்சிதமாக நின்றது வேன். அந்த அம்மா பக்கக் கதவை இழுத்துத் திறந்து, மூட்டையை உள்ளே தள்ளி, ஏறிப் படுக்கையில் உட்கார்ந்தே விட்டாள்.

"அனந்தபுரத்துக்கு ஒண்ணு குடு. இன்னாப்பா, பஸ்ஸுல கட்டிலெல்லாம் போட்டுக்கினு வர்றீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ரெண்டு நாளு அந்த பஸ்ஸ எறக்கி வைக்க முடியல உங்களால! பொண்டாட்டியோட டூர் வந்து டிக்கெட் ஏத்தறீங்க. எழுந்திரிங்க!"

குப்பம்மாள் — பிறகுதான் பெயர் சொன்னாள் — என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அசடு வழிய அவர் இறங்கி இந்தப் பக்கம் வந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வண்டி நகர்ந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"கிளச்ச மெதுவா வுடு... செகண்டு போடு... ஆரன் அடி... ஓரம், ஓரம்!"

பின்னாலிருந்து குப்பம்மாள் அதட்டினாள். "யோவ், டிரைவர்கிட்ட பேச்சு குடுக்காதய்யா! பஸ்ஸுல எழுதிப் போட்டு கீதில்ல?"

பதினெட்டு வருஷமாகப் பயணிகளிடம் அவர் சொல்லிவந்த அதே வார்த்தை. வாயை மூடிக்கொண்டார். அடுத்த வளைவில், சொன்னாற்போல, எதிரே அறுப்பு மிஷின் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி நின்று, அதைப் போகவிட்டு, மறுபடி ரோட்டில் ஏறினேன். அவர் முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

அனந்தபுரத்தில் இறங்கும்போது குப்பம்மாள் மூட்டையிலிருந்து ஒரு கை மல்லாட்டையை அள்ளி என் மடியில் போட்டாள். "பதவிசா ஓட்டுற தாயீ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டு, என் ஜன்னலருகே வந்து நின்றார்.

"லெப்டுல லேசா இழுக்குது. செகண்டு கொஞ்சம் டைட்டு. பிரேக்கு நல்லா கீது. பாத்துக்க."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ முறை சாப்பாட்டுக் கூடையோடு நின்று கேட்டிருக்கிறேன். டூட்டி முடிந்து அடுத்த டிரைவர் கையில் வண்டியை ஒப்படைக்கும்போது இப்படித்தான் சொல்வார். டிரைவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லமாட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப திங்கக்கெழம சரின்னு சொல்லிடட்டுமா?"

"அதான் வண்டிய குடுத்துட்டேனே" என்றவர், பின்னால் ஏறிக் கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டார். "செஞ்சி வந்தா எழுப்பு."